ஆடி மாசம் மேளக்காரர் வீட்டில் என்ன சமையல்?

"ரெண்டு மணி நேரம் ஊதுறதுக்கு முப்பதாயிரமா?"

தமிழ்நாட்டில் கல்யாணம் பேசுகிற வீடுகளில் தவறாமல் கேட்கும் வசனம் இது. மண்டபக்காரர் சொன்ன வாடகைக்கு யாரும் வாய் திறப்பதில்லை. தேதி கிடைத்ததே புண்ணியம். போட்டோகிராபர், பறக்கும் கேமராவுக்குத் தனி, ஆல்பத்துக்குத் தனி என்று பட்டியல் நீட்டினால் பவ்யமாக வாங்கி மடித்து வைத்துக்கொள்வார்கள். மேளக்காரர் வந்து உட்கார்ந்தால் மட்டும் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் திடீரென்று சிக்கன ஞானம் பிறந்துவிடும்.

பேரம் பேசுவது தப்பா? தப்பே இல்லை. கொசுறு கொத்தமல்லிக்கே பேரம் பேசுகிற ஊர் இது. ஆனால் எதை விலை பேசுகிறோம் என்று தெரிந்து பேச வேண்டும். மேளத்துக்குப் பேசும் பேரத்தில் குறைவது பணம் மட்டும் இல்லை. இருபது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிற கூட்டாளிகளில் ஒரு ஆள் குறைகிறார். எப்படி என்று கணக்கோடு பார்க்கலாம். (கணக்கு என்றதும் ஓடாதீர்கள். ஐந்தாம் வகுப்புக் கணக்குதான் :-) )

முன்னாடியே ஒரு டிஸ்கி: நாகஸ்வரமா நாதஸ்வரமா என்று சண்டை போட விரும்புகிறவர்கள் அதைத் தனியாக வைத்துக்கொள்ளவும். வாசிக்கிறவர்கள் பாதிப் பேர் அதை நாயனம் என்றுதான் சொல்கிறார்கள்.

வருஷத்துக்கு எத்தனை நாள் வேலை?

முதலில் காலண்டர். ஆடியில் கல்யாணம் கிடையாது. புரட்டாசியில் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. மார்கழியில் கிடையவே கிடையாது. ஆக, வருஷத்தில் மூன்று மாசம் கடை அடைப்பு. மிச்சம் ஒன்பது மாசமும் தினமும் கல்யாணமா நடக்கிறது? சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் முகூர்த்த நாள் பட்டியல் இருக்கும், எடுத்து எண்ணிப் பாருங்கள். அதிலும் வளர்பிறைதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்கள் பாதி. ஐப்பசியும் கார்த்திகையும் டெல்டா மாவட்டங்களில் அடைமழைக் காலம்.

இதில் இன்னொரு வில்லங்கம். நல்ல முகூர்த்தம் என்றால் ஊரில் உள்ள எல்லா மண்டபத்துக்கும் அதே நாள், அதே நேரம். ஒரே நாளில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள், ஒரு இடத்துக்குத்தான் போக முடியும். அடுத்த எட்டு நாள் யாரும் கூப்பிட மாட்டார்கள். துணிக்கடைக்காரர் விற்காத சேலையை மடித்து அடுத்த மாசத்துக்கு வைக்கலாம். மேளக்காரர் வாசிக்காத நாளை எந்த பீரோவில் வைப்பது?

"ரெண்டு மணி நேரம்" என்பதும் சுத்தப் பொய். முதல் நாள் சாயங்காலமே வந்து இறங்க வேண்டும். மாப்பிள்ளை அழைப்பு, நிச்சயதார்த்தம், மறுநாள் விடியற்காலையில் ஆரம்பித்து ஊஞ்சல், மாலை மாற்றல், தாலி கட்டு, அதன் பிறகும் பந்தி முடியும் வரை மேடை ஓரத்தில் இருந்தாக வேண்டும். போக வர வேன் பயணம் தனி. ஒரு கல்யாணம் என்பது முழுசாக ஒன்றரை நாள், தூரமாக இருந்தால் இரண்டு நாள்.

ஒரு வீட்டின் பன்னிரண்டு மாசம்

கும்பகோணம் பக்கம் ஒரு நாயனக்காரர் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தை பிறந்தால் அந்த வீட்டில் பேச்சே மாறும். அடகுக் கடையில் இருக்கும் சங்கிலி எப்போது திரும்பும் என்று வீட்டம்மா கணக்குப் போட ஆரம்பிப்பார். மாசி, பங்குனியில் அது கழுத்துக்கு வந்துவிடும். சித்திரை, வைகாசியில் அப்பா வீட்டில் தூங்குவதே அபூர்வம். கல்யாணமும் கோயில் திருவிழாவும் ஒன்றாக வரும் காலம் அது. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் லீவு, ஆனால் அப்பாவைப் பார்க்க முடியாது. ஆனியில் ஸ்கூல் பீஸ், நோட்டு, யூனிபார்ம். அதோடு கையிருப்பு காலி.

ஆடியில் சங்கிலி திரும்பவும் அடகுக் கடைக்குப் போகும். ஆவணியில் கொஞ்சம் மூச்சு விடலாம். புரட்டாசியில் திரும்ப மளிகைக் கடையில் நோட்டுப் போட்டுக் கடன். ஐப்பசி, கார்த்திகையில் வேலை இருந்தாலும் மழை விடாது. ஈரக் காற்றில் தவில் தோல் தளர்ந்து நாதம் மந்தமாகும். நாணல் வகைத் தட்டையில் செய்யும் சீவாளி ஒத்துழைக்காது. நல்ல சீவாளிக்குத் திருவாவடுதுறைக்கு ஆள் போக வேண்டும். அப்புறம் மார்கழி. சென்னை சபாக்களில் சீசன் களைகட்டும். அங்கே கச்சேரி வரிசையைத் தொடங்கி வைக்க 'மங்கள இசை' என்று நாதஸ்வரத்துக்கு ஒரு நேரம் கொடுப்பார்கள். பாதி நாற்காலி காலியாக இருக்கும். கேன்டீனில் இருப்பவர்கள் பாட்டுக் கச்சேரிக்குத்தான் உள்ளே வருவார்கள்.

ஆடியில் அம்மன் கோயில்கள் இருக்கின்றனவே என்று ஒருவர் கேட்கலாம். இருக்கின்றன. ஆனால் கோயில் சம்பாவனை கல்யாணச் சம்பளம் ஆகாது. பல கோயில்களில் தீபாராதனைக்கு மின்சார மோட்டாரில் ஓடும் மணியும் முரசும் வந்து வெகுகாலம் ஆகிறது. சுவிட்சைப் போட்டால் டமடமவென்று அடிக்கும். அதற்குச் சம்பளம் வேண்டாம், அடகு வைக்கச் சங்கிலியும் கிடையாது.

இப்போது அந்த முப்பதாயிரம்

பேச்சுக்கு ஒரு செட்டின் சம்பளம் 30,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊருக்கு ஊர், ஆளுக்கு ஆள் இது மாறும், கணக்குப் புரிவதற்காக மட்டும் இந்த எண். செட் என்பது ஐந்து பேர்: நாயனம் இரண்டு, தவில் இரண்டு, தாளமும் சுருதிப்பெட்டியும் பார்க்க ஒருவர்.

பிடித்துக் கொடுத்த ஏஜென்டுக்குப் பத்து சதவீதம், 3,000. வேன், வழிச்செலவு 4,500. மிச்சம் 22,500. சமமாகப் பிரித்தால் ஆளுக்கு 4,500. (நிஜத்தில் முதல் நாயனத்துக்குக் கொஞ்சம் கூட, தாளத்துக்குக் கொஞ்சம் கம்மி.) வருஷத்துக்கு 40 கல்யாணம் கிடைத்தால் 1,80,000. மாசத்துக்கு 15,000. இதில் சீவாளி, தோல் மாற்றுவது, பட்டு வேட்டி சலவை, அடகுக் கடை வட்டி எல்லாம் அடக்கம். இரண்டு மணி நேரத்துக்கு முப்பதாயிரம் என்று வாய் பிளந்தவர்கள் இந்த எண்ணையும் ஒரு தடவை வாய் பிளந்து பார்க்கலாம்.

பேரம் பேசி 5,000 குறைத்தாயிற்று. வெற்றி! 25,000. ஏஜென்டுக்கு 2,500. வேன்காரர் குறைக்க மாட்டார், டீசல் விலை அவர் கையில் இல்லை, அதே 4,500. மிச்சம் 18,000. ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 3,600. கல்யாண வீட்டுக்குக் குறைந்தது ஆறில் ஒரு பங்கு, வாசிப்பவருக்குக் குறைவது ஐந்தில் ஒரு பங்கு. செலவு நிலையாக இருந்து வரவு மட்டும் குறைந்தால் அடி எப்போதும் கடைசி ஆளின் கைக்கு வரும் காசில்தான் விழும். பி.காம் முதல் வருஷப் பாடம் இது.

அப்படியானால் பழைய 4,500 ரூபாயைக் கைக்குக் கொண்டுவர என்ன வழி? 18,000 ரூபாயை நான்கால் வகுத்துப் பாருங்கள். சரியாக 4,500. அதாவது ஒரு ஆளை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் போதும்.

அந்த ஆள் யார்? பெரும்பாலும் இரண்டாவது தவில். சில சமயம் இரண்டாவது நாயனம். பேரத்தில் ஜெயித்த 5,000 ரூபாய்க்கு இதுதான் அர்த்தம்.

இரண்டாவது ஆள் எதற்கு?

"ஒரு தவில் இருந்தா போதாதா, சத்தம்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சத்தம் மட்டும்தான் வேண்டும் என்றால் வெடிக் கடைக்குப் போகலாம், மலிவு.

நாயனம் மூச்சில் வாசிக்கும் வாத்தியம். முதல் நாயனக்காரர் ஒரு ராகத்தை இழுத்துக்கொண்டு போய் மேலே நிறுத்தி மூச்சு வாங்கும் இடத்தில், பக்கத்தில் இருப்பவர் அந்த ஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கேட்பவருக்கு ஒட்டு தெரியக் கூடாது. எந்த இடத்தில் மூச்சு வாங்குவார் என்பது எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. வருஷக்கணக்காகப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்குத்தான் தெரியும். தவிலும் அப்படியே. ஒருவர் சொல்லை விட்ட இடத்தில் மற்றவர் எடுத்து, இருவரும் சேர்ந்து கோர்வையில் வந்து விழுவதற்கு ஒரு நாள் ஒத்திகை போதாது. இளவயதிலிருந்து சேர்ந்து வாசித்தவர்களுக்குக் கண்ணசைவு போதும்.

பக்கத்து இருக்கைதான் பள்ளிக்கூடமும். காருக்குறிச்சி அருணாசலம், திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் பக்கத்தில் இருந்து வாசித்து வளர்ந்தவர். 1962இல் வந்த 'கொஞ்சும் சலங்கை' படத்தில் அவர் நாயனத்தைக் கேட்டு இன்றும் உருகுகிறார்கள். அன்றைக்கு யாரோ ஒரு பெரியப்பா பேரம் பேசி இரண்டாவது நாயனத்தை வெட்டியிருந்தால் அந்த இருக்கையே இருந்திருக்காது.

'தில்லானா மோகனாம்பாள்' (1968) பார்த்துவிட்டு "அடடா, என்ன கலை, என்ன காலம்" என்று கண்ணைத் துடைத்துக்கொள்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் படத்தில் சிக்கல் சண்முகசுந்தரம் எங்கேயும் தனியாகப் போவதில்லை. பக்கத்தில் தம்பி, எதிரே பாலையாவின் தவில், ரயில் பெட்டி நிறைய தன் கூட்டம். திரைக்குப் பின்னால் வாசித்தவர்களும் சேதுராமன், பொன்னுசாமி என்று இரண்டு பேர், கூடப் பிறந்தவர்கள். கதைக்கும் நிஜத்துக்கும் இரண்டாவது ஆள் தேவைப்பட்டார். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மட்டும் வேண்டாமாம்.

இன்னொரு விஷயம். வேலை இல்லாத ஆடியும் மார்கழியும்தான் இந்தக் கூட்டாளிகள் காசு வாங்காமல் தங்களுக்காக வாசிக்கும் காலம். சீசனில் வாசித்ததையே வாசித்துக்கொண்டிருக்க நேரும். ஓய்வு மாசங்களில்தான் திண்ணையிலோ கோயில் மண்டபத்திலோ உட்கார்ந்து, மறந்துபோன பல்லவியைத் தூசு தட்டி, புதுக் கீர்த்தனை பாடம் பண்ணி, "அந்த இடம் சரியா வரல்லே, இன்னொரு தடவை பாப்பம்" என்று திருத்திக்கொள்வார்கள். அது அவர்களுக்குச் சந்தோஷம், கேட்பவர்களுக்கு முதலீடு. ஆனால் ஆடியில் அடுப்பு எரிய வேண்டுமென்றால் ஒருவர் திருப்பூருக்கும் ஒருவர் ஜவுளிக்கடைக்கும் ஒருவர் ஆட்டோவுக்கும் போக வேண்டியிருக்கிறது. போனவர்களில் சிலர் ஆவணிக்குத் திரும்பி வருவதில்லை. திண்ணை காலி. அடுத்த சீசனில் ஏஜென்ட் நான்கு ஊரிலிருந்து நான்கு பேரைச் சேர்த்து மண்டபத்தில் இறக்குவார். ஒருவர் பெயர் ஒருவருக்குத் தெரியாது. எல்லாருக்கும் தெரிந்த பத்து உருப்படியும் நான்கு சினிமாப் பாட்டும் வாசிப்பார்கள்.

அதைக் கேட்டுவிட்டு அதே பெரியப்பா சொல்வார்: "இப்பல்லாம் மேளம் முன்னே மாதிரி இல்லே." எப்படி இருக்கும்?

பாஷையிலேயே கை வைத்தாயிற்று

எடுபிடி ஆளுக்குத் தமிழில் என்ன பெயர்? 'ஜால்ரா'. ஆமாம் சாமி போடுவதற்கு? 'ஒத்து ஊதுறான்'. தாளம் போடுபவரும் ஒத்து ஊதுபவரும் செட்டில் மற்ற எல்லாரையும் தாங்கிப் பிடிப்பவர்கள். காலத்தையும் சுருதியையும் ஒருவர் அசையாமல் வைத்திருந்தால்தான் மற்றவர் வித்தை காட்ட முடியும். அந்த வேலையைத் திட்டும் வார்த்தையாக மாற்றிய சமூகம், இரண்டாவது தவிலை வெட்டுவதில் ஆச்சரியம் என்ன? ஒத்துக்காரர் இருந்த இடத்தில் சுருதிப்பெட்டி உட்கார்ந்து பல வருஷம் ஆயிற்று. வெட்டு அங்கேதான் ஆரம்பித்தது.

வாசிப்பவர் தோளில் துண்டு போடக் கூடாது என்று தடுத்த ஊர்கள் இருந்தன. அந்த மரியாதைக் கேட்டை எதிர்த்துத்தான் ராஜரத்தினம் பிள்ளை கிராப்பும் ஷெர்வானியுமாக மேடையில் உட்கார்ந்தார். இன்று துண்டை யாரும் எடுக்கச் சொல்வதில்லை. கூட இருக்கும் ஆளை எடுக்கச் சொல்கிறார்கள்.

வழக்கமான ஜல்லிகள்

"டிமாண்ட் இல்லை, சப்ளை குறைகிறது. இதில் அழ என்ன இருக்கிறது?" என்பார்கள் பொருளாதாரப் புலிகள். டிமாண்ட் இல்லையா? தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் இல்லாமல் எத்தனை கல்யாணம் நடக்கிறது? பிரச்சினை வேறு. பெண்ணுக்கோ பையனுக்கோ வாழ்க்கையில் ஒரு தடவை மேளம் பேசுகிறவருக்கு நல்ல செட் எது, ஒட்டுப்போட்ட செட் எது என்று தெரியாது. தெரியாததால் மலிவானதைத் தேர்ந்தெடுப்பார். நல்ல செட்டுக்கு விலை கிடைக்காமல் சந்தையை விட்டுப் போகும். பழைய கார் சந்தையை வைத்து இதை 1970இலேயே ஜார்ஜ் அக்கர்லாஃப் எழுதினார், 2001இல் நோபல் பரிசு வாங்கினார். சந்தை பார்த்துக்கொள்ளும் என்பவர்கள் சந்தைக்கே கண் தெரியாத இடங்கள் உண்டு என்ற பாடத்தையும் படிக்க வேண்டும்.

"அஞ்சு பேர் செய்யறதை ரெண்டு பேர் செய்யக் கூடாதா? எல்லாத் தொழிலிலும் ஆள் குறைக்கிறார்களே." இதற்கும் பதில் 1966இலேயே வந்துவிட்டது. பாமோல், பாவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சொன்னது: தொழிற்சாலையில் ஒரு ஆள் செய்யும் வேலை வருஷா வருஷம் கூடும், ஆனால் நான்கு பேர் வாசிக்க வேண்டிய இசைக்கு நூறு வருஷம் கழித்தும் நான்கு பேர்தான் வேண்டும். ஆகவே நேரில் வாசிக்கும் இசை மற்றதைவிட விலை ஏறிக்கொண்டுதான் போகும். தோடியை இரட்டை வேகத்தில் வாசித்து நேரத்தை மிச்சம் பிடிக்க முடியாது.

"செண்டை மேளம்தான் இவர்கள் பிழைப்பைக் கெடுத்தது." அதுவும் ஜல்லிதான். செண்டைக்காரருக்கும் திருவிழா சீசன் முடிந்தால் கர்க்கடக மழையில் இதே கதைதான், கர்க்கடகம் என்பது ஆடியின் மலையாளப் பெயர். அடகுக் கடை எல்லைக்கு அந்தப் பக்கமும் இருக்கிறது. வாசிப்பவர்களை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டு வேடிக்கை பார்க்க வேண்டாம்.

"அரசாங்கம் பார்த்துக்கொள்ளும்." மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாதஸ்வரம், தவில் மூன்று வருஷப் படிப்பாக இருக்கிறது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கு நல வாரியம் இருக்கிறது. நரசிங்கம்பேட்டை நாதஸ்வரத்துக்கு 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. எல்லாம் நல்லதே. மரத்துக்கு முத்திரை கிடைத்துவிட்டது. ஊதும் வாய்க்கு ஆடியில் சோறு யார் கொடுப்பது? மூன்று வருஷம் படித்து வெளியே வரும் பையன், பக்கத்தில் உட்கார்ந்து பழக ஒரு செட் இல்லை என்றால் சான்றிதழை வைத்து என்ன செய்வான்?

2020ஐ மறந்துவிட்டார்களா? மார்ச் 25 ஊரடங்கு. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்றும் போயிற்று. 2021 மே மாசம் திரும்பவும் அதே சித்திரை, வைகாசி. கல்யாணங்கள் நடந்தன, ஐம்பது பேருக்குள். அந்த ஐம்பதில் மேளத்துக்கு இடம் இருந்ததா? வருஷத்தை ஓட்ட வேண்டிய மாசங்கள் அடுத்தடுத்து இரண்டு தடவை காணாமல் போனால், எந்தக் கடைக்குத்தான் ஷட்டர் திரும்பத் திறக்கும்?

சரி, என்னதான் செய்ய?

பொங்கலுக்கு ஆம்னி பஸ்காரர் கட்டணத்தை ஏற்றினால் திட்டிக்கொண்டே டிக்கெட் எடுக்கிறீர்கள். மே மாசம் ஊட்டியில் ரூம் வாடகை இரண்டு மடங்கு என்றால் "சீசன் சார்" என்று நீங்களே மற்றவருக்கு விளக்குகிறீர்கள். மேளக்காரருக்கும் சீசன்தான். முகூர்த்த நாள் சம்பளத்தில் ஆடி மாச அரிசி அடக்கம். இதை ஒத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மீதிப் பாதிக்கு மூன்று வேலை. ஒன்று, ஏஜென்டிடம் "ஒரு மேளம்" என்று சொல்லாதீர்கள். எந்த செட், எத்தனை வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள் என்று கேளுங்கள். அந்தக் கேள்வி பத்து வீட்டிலிருந்து வந்தாலே ஒட்டுப்போட்ட செட்டுகள் குறையும். இரண்டு, காசு குறைக்கத்தான் வேண்டும் என்றால் மூன்றாவது வகை ஐஸ்கிரீமில் குறையுங்கள், ஆளில் குறைக்காதீர்கள்.

மூன்று, ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடியிலேயே பாதிப் பணத்தைக் கொடுங்கள். தைக் கல்யாணத்துக்கு மார்கழியில் கொடுங்கள். எப்படியும் கொடுக்கப்போகிற காசு, ஒரு மாசம் முன்னால் போனால் ஒரு சங்கிலி அடகுக் கடைக்குப் போகாது, ஒரு தவில்காரர் திருப்பூர் பஸ் ஏற மாட்டார். ஆடியில் நல்ல காரியத்துக்குக் காசு கொடுக்கக் கூடாது என்கிறீர்களா? ஆடித் தள்ளுபடியில் கல்யாணப் புடவைக்கு வரிசையில் நின்றபோது அந்தச் சாஸ்திரம் எங்கே போயிருந்தது?